அறிதுயில் சிகிச்சையும் கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தையும்: ஒரு தமிழாசிரியரின் குறிப்புகள்

சென்ற வருடம் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, என் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவன் என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்தவன். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. மனைவியும் மகளும் ஊரில். பிளேன்டீ குடித்து முடியும் வரைக்கும் பாடசாலையின் புதிய கட்டடத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சேர், ஹிப்னோட்டிசம் செஞ்சிக்கிறது ஹராமா?" என்றான்.

"மகன், நான் தமிழ் வாத்தி. இத மௌலவிட்டயெல்லோ கேக்கணும்?"

"மௌலவிட்ட கேட்டா, எதுக்குன்னு கேப்பாரே சேர்."

எதற்கு என்பது மெல்ல மெல்ல வெளியே வந்தது. கொழும்பு அறையில் இரவில் தனியே இருக்கும்போது தொலைபேசியில் ஆபாசப் படங்கள். முதலில் அரை மணித்தியாலம். பிறகு சுபஹு வரைக்கும். அதற்கப்பால் முன்பின் தெரியாத பெண்களோடு காசு கட்டிக் கதைப்பது; அதற்காகக் கடன். நித்திரையின்றி வேலைக்குப் போய்க் கணக்கில் பிழைவிட்டு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வாங்கிவிட்டான். மூன்று தரம் தொலைபேசியையே விற்றிருக்கிறான். மூன்று தரமும் ஒரு கிழமைக்குள் புதிது வாங்கியிருக்கிறான். குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் செய்து, அதையும் உடைத்து, அதன் பிறகு குர்ஆனைத் தொடவே பயந்துபோய் இருந்தான். "அதுல ஒரு சந்தோசமும் இல்ல சேர். கை தானாப் போகுது" என்றான். மனைவிக்குப் பாதி தெரியும். அவள் தன் வாப்பா வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகியிருந்தது.

அவனுடைய சட்டைப்பையில் ஒரு விளம்பரத் துண்டு இருந்தது. மூன்றே அமர்வுகளில் எந்தக் கெட்ட பழக்கத்தையும் ஆழ்மனதிலிருந்து அழித்துவிடுவதாக ஒருவர் அச்சடித்திருந்தார். அதற்கான காசுக்கு மனைவியின் காப்பை அடகு வைக்கலாமா என்பதுதான் அவனுடைய அடுத்த கேள்வி.

இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னேன். என்னோடு படித்த ஒருவர் அரசாங்க வைத்தியசாலையொன்றில் மனநல வைத்தியராக இருக்கிறார். அவரிடம் கேட்டும், அவர் தந்தவற்றைப் படித்தும் நான் விளங்கிக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். மாணவனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

வைத்திய நண்பர் முதலில் கேட்டது என்னை ஆச்சரியப்படுத்தியது. "அவருக்கு வந்திருக்கிறது வருத்தமா, குற்ற உணர்ச்சியா?" இரண்டும் ஒன்றில்லையாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலேதான் கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தை ஒரு தனிக் கோளாறாக இடம்பெற்றது. உந்தல்களை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் அதை வைத்திருக்கிறார்கள். போதைப் பழக்கங்களின் வரிசையில் வைக்கவில்லை. 'பாலியல் அடிமைத்தனம்' என்ற சொல் பத்திரிகைகளில் புழங்கினாலும், அது உண்மையில் போதையைப் போன்றதுதானா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் கையேட்டில் இதை ஒரு நோயாகச் சேர்க்கவே மறுத்துவிட்டது.

அந்த வகைப்பாட்டின்படி, ஆசை அதிகம் என்பது நோயாகாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ அந்த நடத்தையே வாழ்க்கையின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பு, குடும்பம், தொழில் எல்லாம் அதற்குப் பின்னால் தள்ளப்பட வேண்டும். விட முயன்று முயன்று தோற்றிருக்க வேண்டும். கெடுதி வந்த பின்னும், இன்பமே இல்லாமற்போன பின்னும் தொடர வேண்டும். இதோடு இன்னொரு வரியும் இருக்கிறது. ஒருவரின் வேதனை முழுவதும் 'நான் செய்வது பிழை' என்ற ஒழுக்கத் தீர்ப்பிலிருந்து மட்டுமே வருகிறதென்றால், அதை வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கக் கூடாது.

நம் சமூகத்தில் இந்த வரி மிகவும் தேவை என்பது என் அபிப்பிராயம். பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைத் தினமும் காண்கிறேன். எப்போதாவது ஒருமுறை தவறிப்போய்ப் பார்த்துவிட்டு, தன்னை மிருகம் என்றும் பைத்தியம் என்றும் நினைத்து ஒடுங்கிப்போகிற பிள்ளை உண்டு. அவனுக்குத் தேவை நோயின் பெயரில்லை. பக்குவமாகக் கதைக்க ஒரு பெரியவர். என் மாணவனின் கதை வேறு. தொழிலும், நித்திரையும், கடனும், குடும்பமும் அவனுடைய வாயாலேயே சாட்சி சொல்லின.

'அப்படியென்றால் அது பாவமில்லையா' என்று சிலர் கேட்பார்கள். வைத்தியர் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்வது அவருடைய வேலையுமில்லை. நீரிழிவு உள்ளவர் சீனி அள்ளித் தின்பது பற்றி மார்க்கம் ஒன்று சொல்லும், வைத்தியம் ஒன்று சொல்லும். தௌபாச் செய்தவன் மருந்தெடுக்கக் கூடாது என்று எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை. பல்கு நகரத்து அபூ ஸைத் அல்பல்கி (850–934) உடலின் சுகத்துக்கும் உள்ளத்தின் சுகத்துக்குமாக ஒரே நூலை எழுதினார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்' என்பது அதன் பெயர். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றை உள்ளத்தின் நோய்களாகவே எடுத்து, அவற்றுக்குச் சிந்தனையால் செய்யும் வைத்தியத்தைச் சொல்கிறார். அந்தப் பகுதியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி. நோயில்லாதபோதே வீட்டில் மருந்து வாங்கி வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறார் பல்கி. இந்தக் கருத்து பின்னால் உதவப்போகிறது.

இனி ஹிப்னோட்டிசத்துக்கு வருவோம்.

சொல்லிலிருந்து தொடங்குவது என் தொழிற்பழக்கம். ஊரில் இதற்கு 'வசியம்' என்றுதான் பெயர். வசியம் என்றதுமே மையும் இசிமும் ஞாபகத்துக்கு வரும். ஒருவர் இன்னொருவரின் புத்தியைப் பிடுங்கிக்கொள்கிறார் என்ற பயமும் வரும். என் மாணவன் ஹராமா என்று கேட்டதற்குக் காரணமே இந்தச் சொல்தான். 'அறிதுயில்' என்பது நல்ல சொல். பழைய தமிழில் அது திருமாலின் பாம்பணைத் துயிலைக் குறித்தது: தூங்குவதுபோலத் தோன்றினாலும் எல்லாம் அறிந்திருக்கும் நிலை. அதை இந்தச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டவர் யாராயிருந்தாலும் பொருளறிந்தே எடுத்திருக்கிறார்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. 1756இல் கோவாவில் பிறந்து, ஐரோப்பா போய், பாரிஸில் பெயர்பெற்ற ஃபாரியா என்ற பாதிரியார் இந்த நிலைக்குப் பிரெஞ்சு மொழியில் இட்ட பெயர் 'தெளிந்த உறக்கம்'. கிட்டத்தட்ட நம் அறிதுயிலேதான். அதற்கு முன்னர் மெஸ்மர் என்பவர் தன் உடம்பிலிருந்து ஒரு காந்த சக்தி நோயாளிக்குப் பாய்வதாகச் சொல்லிவந்தார். 1784இல் பிரான்ஸ் மன்னர் அமைத்த விசாரணைக் குழு அப்படியொரு காந்தம் இல்லை என்று முடிவு சொன்னது. பெஞ்சமின் பிராங்க்ளினும் அந்தக் குழுவில் இருந்தார். ஃபாரியா இன்னும் ஒருபடி மேலே போனார். சக்தி செய்பவரிடம் இல்லை, படுத்திருப்பவரின் மனதிலேயே இருக்கிறது என்றார். மெஸ்மரின் பெயர் 'மெஸ்மரிசம்' என்று உலகமெங்கும் நிலைத்துவிட்டது. ஃபாரியாவை, மொந்தே கிறிஸ்தோ நாவலின் சிறைக்கைதியாகத்தான் பலருக்குத் தெரியும். 'ஹிப்னோ' என்று தொடங்கும் பெயரை 1840களில் பரவச் செய்தவர் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர். ஹிப்னோஸ் என்பது கிரேக்கரின் உறக்கத் தெய்வம். இது உறக்கமே இல்லை என்பதைப் பிரெய்டும் பிற்பாடு உணர்ந்தார். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உறக்கமில்லையென்றால் என்ன? கவனம் ஓரிடத்தில் குவிந்து, சுற்றியுள்ளவை மங்கி, சொல்லப்படும் யோசனையை மனமும் உடலும் வழமையைவிட இலகுவாக ஏற்கும் நிலை. நல்ல கதைப் புத்தகத்தில் மூழ்கியிருக்கும்போது உம்மா கூப்பிடுவது கேட்காமற்போகிறதே, அதற்குப் பக்கத்து நிலை. எல்லாருக்கும் இது ஒரே அளவில் வாய்ப்பதில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் மிக ஆழமாகப் போவார், இன்னொருவருக்கு ஒன்றுமே நடக்காது, மற்றவர்கள் இடைநடுவில்.

நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது பாடசாலைக்கு ஒரு மாயவித்தைக்காரர் வந்தார். என் வகுப்புப் பையனொருவனை மேடைக்கு அழைத்து, உறங்கவைத்து, வெங்காயத்தை அப்பிள் என்று சொல்லிக் கடிக்கவைத்தார். மண்டபமே சிரித்தது. இருபது வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அவனிடம் கேட்டேன். "வெங்காயம்னு தெரியும்டா. ஆனா அந்த நேரம் உரிக்கல்ல. அவர் செல்றதக் கேட்டா நல்லாரிக்கும்போல இரிந்திச்சு" என்றான். அறிதுயிலைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை. தெரியும், ஆனாலும் உறைப்பு குறைகிறது. எழுந்து போக நினைத்திருந்தால் போயிருப்பான்.

இதை வைத்துக்கொண்டு ஒரு பழக்கத்தை அழிக்க முடியுமா? அழிக்க முடியாது. விளம்பரத் துண்டின் முதற் பொய் அந்தச் சொல்தான். மனம் கரும்பலகை இல்லை.

செய்யக்கூடியது வேறு. இந்த நடத்தைக்குள் ஒரு சங்கிலி இருக்கிறது: தனிமை, களைப்பு, மேலதிகாரியின் ஏச்சு, இரவு பதினொரு மணி, கட்டில், கையில் தொலைபேசி. மூளை இந்த அடையாளங்களைக் கண்டதும் விரைகிறது. கேம்பிரிட்ஜில் வலெரி வூன் குழுவினர் இந்தப் பிரச்சினையுள்ள 19 ஆண்களின் மூளையைப் படம்பிடித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தூண்டல்களைக் கண்டபோது அவர்களின் வேட்கை கூடியது. விருப்பம் அதற்கு ஏற்பக் கூடவில்லை. 'சந்தோசமும் இல்ல, கை தானாப் போகுது' என்று என் மாணவன் சொன்னதும் அதுவேதான். உந்தலுக்கும் கை அசைவதற்கும் இடையில் உள்ள நேரம் சுருங்கிப்போயிருக்கிறது. சிகிச்சை அந்த நேரத்தை நீட்டப் பார்க்கிறது.

அவனைக் கடைசியில் வைத்திய நண்பர் மூலமாக முதலில் அரசாங்க வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கே காசில்லை. அதுவே காப்பை அடகு வைக்கும் யோசனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வைத்தியர் எடுத்த எடுப்பில் அறிதுயிலுக்குப் போகவில்லை. ஒரு மணித்தியாலம் கேள்விதான். சில காலம் நித்திரையே தேவையில்லாமல், காசை இறைத்து, தன்னைப் பெரிய ஆளாக நினைத்த நாட்கள் உண்டா? இருந்தால் அது இருமுனைக் கோளாறின் ஒரு முகமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. தலையில் அடிபட்டதுண்டா? என்னென்ன குளிசை எடுக்கிறார்? பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் போன்ற சில மருந்துகள்கூடச் சிலருக்குச் சூதாட்டத்தையும் அடங்காத பாலியல் வேட்கையையும் கிளப்பிவிடும். எழுபது வயதில் திடீரென்று ஒழுக்கம் கெட்டுவிட்டதாகக் குடும்பமே ஒதுக்கிய ஒரு வாப்பாவின் பிழை, அவருடைய மருந்துப் போத்தலில் இருந்திருக்கலாம். மூன்று அமர்வுக்காரர் இதையெல்லாம் கேட்டிருக்கமாட்டார்.

அவனுக்கு மனச்சோர்வு இருந்தது. அதற்குக் குளிசை கொடுத்தார்கள். பிறகு அறிதுயிலும் பயின்ற ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார்கள். அவர் சிங்களவர், தமிழ் ஓரளவு தெரியும். முதல் சில அமர்வுகளில் அவனுடைய சங்கிலியைக் கடதாசியில் வரைந்தார்களாம். எத்தனை மணிக்கு, எந்த அறையில், அதற்கு முன் என்ன நடந்தது என்று. பிறகுதான் கண்ணை மூடச் சொன்னார். மூச்சைக் கவனிப்பது, பத்திலிருந்து கீழே எண்ணுவது, உடம்பைப் பாரமாக உணர்வது. அந்நிலையில் அந்த இரவு பதினொரு மணியை மனதில் கொண்டுவரச் செய்து, உந்தல் அலைபோல ஏறி, நின்று, இறங்குவதை அசையாமல் பார்க்கவைத்தார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடிப்பதை அந்த அமைதியோடு இணைத்துப் பழக்கினார். மெய்யாக உந்தல் வரும்போது அதே பிடி. இதைத் தினமும் பதினைந்து நிமிடம் வீட்டில் தானே செய்ய வேண்டும். அமைதியான நேரத்தில் சேமித்து வைக்கச் சொன்ன பல்கியின் நினைவு எனக்கு வந்தது இங்கேதான்.

பிரச்சினை மொழியில் வந்தது. வீட்டில் கேட்பதற்கு ஓர் ஒலிப்பதிவு வேண்டும். சிங்களத்தில் கேட்டால் விளங்கும், ஆனால் உள்ளே இறங்கவில்லை. உங்களுடைய பேச்சில், உங்களுடைய குரலிலேயே பதியுங்கள், வசனத்தை யாரிடமாவது எழுதி வாங்கி எனக்குக் காட்டுங்கள் என்றாராம் உளவியலாளர். அவன் என்னிடம் வந்தான். என் சிறப்புப் பட்டம் பயன்படப்போகிறது என்று எனக்குச் சின்னப் பெருமை.

'உமது விழிகள் மெல்ல மூடுகின்றன. உமது உள்ளம் சாந்தியில் ஆழ்கின்றது' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவன் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "சேர், ரூபவாஹினிச் செய்தி கேக்கிற மாதிரி இரிக்கி."

கிழித்துப் போட்டுவிட்டு, அவனுடைய உம்மா அவனைச் சின்ன வயதில் எப்படி உறங்கவைப்பாள் என்று கேட்டு எழுதினேன். 'கண்ணு தானா மூடட்டும். அவசரமில்ல. தோளு எறங்குது. மூச்சு போகுது, வருது.' இதைத்தான் உளவியலாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஓரிடத்தில் கோடு போட்டு அனுப்பியிருந்தார். 'இனி நீ போன எடுத்துப் பாக்கமாட்டாய்' என்று நான் எழுதிய வரி அது. எதிர்மறை வேண்டாம் என்றார். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிப் பார்த்தார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. தமிழில் இது இன்னும் மோசம் என்று எனக்குப் பட்டது. நமது வாக்கியத்தில் மறுப்பு வினையின் கடைசியில்தான் வருகிறது. 'போன', 'எடுத்து', 'பாக்க' என்று மூன்று படமும் மனதில் விழுந்து முடிந்த பிறகே 'மாட்டாய்' வந்து சேர்கிறது. இருபது வருடமாக எதிர்மறை வினைமுற்றுக் கற்பிக்கிறேன், இதை யோசித்ததில்லை. அந்த இடத்தில், 'போன் மேசையில இரிக்கி. கை மடியில இரிக்கி. அலை ஏறுது, எறங்குது' என்று மாற்றினேன்.

வெறுப்பு ஊட்டும் வசனம் வேண்டுமென்று அவனே கேட்டான். 'சீ, அசிங்கம்' என்று தன்னைத் திட்டுகிற மாதிரி. அதையும் உளவியலாளர் விடவில்லை. வெட்கத்தில் ஒளிந்துகொள்பவன் தனித்துப்போகிறான். தனிமைதானே அவனுடைய சங்கிலியின் முதற் கண்ணி. நானும் வகுப்பில் பிள்ளைகளை வெட்கப்படுத்தித் திருத்தப் பார்த்த நாட்கள் உண்டு. திருந்தியதாக ஞாபகமில்லை.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அறிதுயிலுக்கு நல்ல ஆதாரமுள்ள இடங்கள் வலி, சத்திரசிகிச்சைக்கு முந்திய பதற்றம், குடல் எரிச்சல் நோய் போன்றவை. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984இல் 30 குடல் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு பேர்போனது. சிந்தனையையும் நடத்தையையும் சீராக்கும் உளச்சிகிச்சையோடு அறிதுயிலைச் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று 1995இல் ஏர்விங் கேர்ஷ் 18 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஆனால் கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தைக்கென்று அறிதுயிலைச் சோதித்தவை பெரும்பாலும் தனிநபர் சிகிச்சைக் குறிப்புகளே. இதற்கு முதலில் நாடவேண்டியது அந்த உளச்சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும்தான். அறிதுயில் அதற்குக் கைகொடுக்கும் துணை. அதை மட்டும் தனியே விற்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இன்னொரு அபாயம்: 'சின்ன வயசுல உனக்கு என்ன நடந்தது, பின்னுக்குப் போய்ப் பார்' என்று அறிதுயிலில் தோண்டுவது. அந்நிலையில் நடக்காததும் நடந்ததாகப் பதியும். பதிந்தபின் சத்தியம் செய்து சொல்லுமளவுக்கு உறுதியாகும். அமெரிக்காவில் பல மாநில நீதிமன்றங்கள் அப்படி வந்த சாட்சியத்தை ஏற்காததற்கு இதுவே காரணம். ஒரு வாப்பாவையோ மாமாவையோ பொய்யாகக் குற்றவாளியாக்கினால், குடும்பத்தில் மிச்சமிருப்பது என்ன? பிரமையும் மாயக்குரலும் உள்ளவர்களுக்கும் இந்த முறை ஆகாது. வைத்தியர் என்று சொல்பவரிடம் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. பெண்கள் தனியறையில் ஓர் ஆணிடம் கண்ணை மூடிப் படுப்பதைப் பற்றிய நமது தயக்கமும் நியாயமானதே. பெண் சிகிச்சையாளரைக் கேட்கலாம், கூட ஒருவரை இருத்தலாம். எங்கே போவது என்றே தெரியாதவர்களுக்கு, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

ஹராமா என்ற கேள்வியைப் பிறகு அவன் தானாகவே மௌலவியிடம் கொண்டுபோனான். புத்தியைப் பறிக்காத, ஷிர்க்கான வார்த்தை கலக்காத வைத்தியம் என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றாராம். எதற்கு என்று அவர் கேட்கவேயில்லை என்பதுதான் இவனுக்கு ஆச்சரியம்.

இப்போது எட்டு மாதமாகிறது. இரண்டு தரம் சறுக்கினான். முதல் தரம் மூன்று நாள் ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லை. இரண்டாம் தரம் அடுத்த நாளே உளவியலாளருக்கு அழைப்பெடுத்தான். கடன் இன்னும் இருக்கிறது. மனைவி திரும்பி வந்திருக்கிறாள். கிழமையில் நாலு நாள் இரவு பத்தரைக்கு அவளோடு கதைத்துவிட்டுத் தொலைபேசியை அறைக்கு வெளியே வைக்கிறான். ஒரு நாள் அந்த ஒலிப்பதிவை அவளும் கேட்டுவிட்டு, "இது உங்கட உம்மா கதைக்கிற மாதிரியெல்லோ இரிக்கி" என்றாளாம்.

போன கிழமை எனக்கு ஒரு குரற்செய்தி அனுப்பியிருந்தான். "சேர், கடைசி வரியில 'அப்படியே தூங்கு'ன்னு இரிக்கி. இப்ப நான் பகல் சாப்பாட்டு நேரத்திலயும் ஒபிஸ்ல கேக்கிறன். தூங்கிட்டா வேலை போயிரும். மாத்தித் தாங்க."

'மெல்ல எழும்பு, மொகத்தக் கழுவு' என்று மாற்றி அனுப்பினேன்.